கள்ளுக்கடல்

சண்முகநாதன் போட்டது ஒரேயொரு நிபந்தனைதான். தன் தகப்பன் விழா மண்டபத்துக்குள்ளே, கதிரையில் இருந்து அவனுடைய பேச்சைக் கேட்க வேண்டும். முன்பக்கமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கிழவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார். அவ்வளவுதான். நிலாவைப் பிடுங்கித் தரும்படி அவன் யாரையும் கேட்கவில்லை.

"இதென்ன கதை மச்சான்? கதிரை என்ன கதிரை, கொப்பருக்குச் சாய்மனைக் கதிரையே போடுவிக்கிறன்" என்றான் பஞ்சலிங்கம். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

பஞ்சலிங்கம் இலந்தையடிச் சனசமூக நிலையத்தின் செயலாளர். அவனும் சண்முகநாதனும் பேராதனையில் ஒரே வருஷம் படித்தவர்கள், ஒரே விடுதியில் இருந்தவர்கள், காசில்லாத நாட்களில் ஒரே கோப்பைத் தேத்தண்ணியை மாறி மாறிக் குடித்தவர்கள். சமத்துவம் பற்றிப் பஞ்சலிங்கம் பேசத் தொடங்கினால் மகாவலி ஆறே நின்று கேட்கும். ஆனால் ரயில் ஆனையிறவைத் தாண்டியதும் அந்த 'மச்சான்' எப்படியோ பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். ஊரில் கண்டால் 'சண்முகநாதன்' என்பான். நாலு பேர் பக்கத்தில் நின்றால் அதுவும் இல்லை, 'மாஸ்ரர்' என்பான். மரியாதை கூடிவிட்டதாக்கும் என்று சண்முகநாதன் கொஞ்சக் காலம் நம்பிக்கொண்டிருந்தான், பாவம். இப்போது 'மச்சான்' என்றதும் தெல்லிப்பழையில், சண்முகநாதனின் வாடகை வீட்டு விறாந்தையில், ஊரவர் ஒருவரும் இல்லாத இடத்தில்தான்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். வடக்கில் கோயில் வாசல்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும், ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே விடக் கேட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. புத்தூருக்குக் கொஞ்சம் உள்ளே கிடந்த இலந்தையடிப் பெரியவர்களுக்கு ஊரின் பெயர் பேப்பரில் வந்துவிடுமோ என்று பயம். 'எங்கள் ஊரில் அப்படி ஒன்றுமே இல்லை, பாருங்கள், மேடையிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம்' என்று காட்டுவதற்கு அவர்களுக்கு ஒருவன் தேவைப்பட்டான். ஊரின் கிழக்கு விளிம்பில், பனங்கூடலுக்கு நடுவில் இருக்கும் கலட்டிக் குடியிருப்பில் பிறந்து, பட்டதாரியாகி, கல்லூரியொன்றில் பூமிசாத்திரம் படிப்பிக்கும் சண்முகநாதன் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தினான். நிலையத்தின் வெள்ளிவிழாவுக்கு அவன்தான் சிறப்புப் பேச்சாளன். அவனுடைய தகப்பன் கந்தப்பு அந்த ஊர்ப் பனைகளில் ஏறிக் கள்ளிறக்கியவர். நிலையத்தின் மண்டபம் எழும்பியபோது அதற்குக் கல் சுமந்தவர். கட்டி முடித்த பிறகு அதன் வாசற்படியை மிதிக்காதவர்.

என்ன பேசுவது என்று சண்முகநாதன் யோசித்தபோது தகப்பனைத்தான் முதலில் யோசித்தான். கிழவர் பார்த்து ரசிக்கக்கூடியது எதுவாக இருக்கும்? பல்கலைக்கழகத்தில் அவன் எழுதிய ஆய்வுக்கட்டுரை, இடைக்காலத்துப் படிப்பாளிகள் மனிதர் வாழும் உலகத்தை எப்படியெல்லாம் வரைந்தார்கள் என்பது பற்றியது. வட்டம் வட்டமான படங்கள். கப்பலோட்டியும் அளந்தும் வரைந்தவை அல்ல அவை, நம்பிக்கையையும் கேள்விப்பட்டதையும் வைத்து வரைந்தவை. அதையே பேசுவதென்று முடிவெடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலட்டிக்குப் போய், முற்றத்தில் குந்தியிருந்து தகப்பனுக்குச் சொன்னான்.

"எங்கடை ஆக்கள் கீறின படத்திலை, நடுவிலை மேரு மலை, அப்பு. அதைச் சுத்தி நாங்கள் இருக்கிற நிலம். அதைச் சுத்தி உப்புக் கடல். அதுக்கங்காலை இன்னொரு நிலம், அதைச் சுத்திக் கருப்பஞ்சாத்துக் கடல். அதுக்கும் அங்காலை கள்ளுக்கடல்."

"என்னது?"

"கள்ளுக்கடல். பிறகு நெய், தயிர், பால் எண்டு போய்க் கடைசியிலை நல்ல தண்ணி."

கந்தப்பு சிரிக்கத் தொடங்கினார். அவருடைய சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏறாமல் இறக்காமல், கடலாய்க் கிடக்குதோ? உதை ஆர் மோனை கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை. பெரிய படிப்பாளியள் எழுதி வைச்சிருக்கினம்."

"பெரிய ஆக்கள் எழுதினதிலை கள்ளுக்கும் ஒரு இடம் இருக்கெண்டால், அதை நான் கண்ணாலை பாக்கத்தான் வேணும். உள்ளுக்கை விடுவினமோ?"

"விடுவினம். சொல்லிப்போட்டன். கதிரையிலை இருக்கலாம்."

கிழவர் பனையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எட்டு முழ வேட்டி ஒண்டு வாங்கித் தா" என்றார்.

படங்களைச் சண்முகநாதன் பெரிய மட்டைகளில் வரைந்தான். அவன் மனைவி பாலேஸ்வரி நிறம் தீட்டினாள். பால்கடலும் வெள்ளை, கள்ளுக்கடலும் வெள்ளை, இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் கள்ளுக்கு நுரை வைத்தாள். விழாவுக்கு முதல்நாள் பஞ்சலிங்கம் வந்து, மேடையில் சட்டம் அடித்து ஒழுங்காகத் தொங்கவிட வேண்டும் என்று சொல்லி மட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். நல்ல மனம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

விழா பின்னேரம் தொடங்கியது. நிலையத் தலைவர் கனகரத்தினம் வாசலுக்கே வந்து சண்முகநாதனை வரவேற்றார். அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், சரிகைச் சால்வைக்காரர். கும்பிட்டார், கையைப் பிடிக்கவில்லை. மேடையில் தலைவருக்கு ஒரு கைபிடிக் கதிரை, மற்றவர்களுக்குப் பிரம்புக் கதிரைகள், அவனுக்கு ஒரு இரும்புக் கதிரை. லவுட்ஸ்பீக்கர்காரன் கொண்டு வந்த கதிரையாக இருக்க வேண்டும். சரி, இருப்பதற்குத்தானே கதிரை என்று இருந்தான்.

தேவாரம் முடிந்ததும் மேடையில் இருந்தவர்களுக்குத் தட்டில் பீங்கான் கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. சண்முகநாதனுக்கு மட்டும் சோடா. போத்தலை அவன் கண்ணுக்கு முன்னாலேயே உடைத்து நீட்டினார்கள். பேச்சாளன் அல்லவா, தொண்டை வறளக்கூடாதே, தனிக் கவனிப்பு என்று அவனுக்குக் கொஞ்சம் குளிர்ந்தும் போயிற்று. பாதிப் போத்தல் உள்ளே இறங்கிய பிறகுதான் உறைத்தது. சின்ன வயதில் சந்திக் கடையில் அவனுக்கும் தகப்பனுக்கும் தேத்தண்ணி போத்தலில்தான் வரும். கிளாஸ் மற்றவர்களுக்கு. சுடுகிற போத்தலைச் சீலைத் துண்டால் சுற்றிப் பிடித்துக் குடித்த கை, இன்றைக்குக் குளிர்ந்த போத்தலைப் பிடித்துக்கொண்டு பெருமைப்பட்டதே! போத்தலைக் காலடியில் வைத்தான். எழும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் தகப்பன் புது வேட்டியோடு வந்துகொண்டிருப்பார். இதை அவருக்காக விழுங்கிவிடுவோம் என்று சோடாவோடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அது தகப்பனுக்கென்று சண்முகநாதன் நினைத்தான். தலைவர் நீளமாகப் பேசினார். 'நமது கிராமத்தில் வேற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று அவர் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தக் கைதட்டலுக்குள் பிந்தி வந்த ஓவர்சியர் ஒருவர் நுழைந்து, அந்த வெறுங்கதிரையில் சாவகாசமாக அமர்ந்தார். சண்முகநாதன் பஞ்சலிங்கத்தைப் பார்த்தான். பஞ்சலிங்கம் மைக் வயரில் ஏதோ சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

வருவார், பின்வரிசையிலாவது இடம் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பேச எழும்பினான். பஞ்சலிங்கம் மேடையில் அடுக்கி வைத்திருந்த மட்டைகளில் முதலாவதை எடுத்துத் தொங்கவிட்டான்.

"ஐரோப்பாவில் குருமார் வரைந்த உலகம் இது. ஒரு வட்டம். குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து கீழே ஒரு கோடு. மேலே ஆசியா, கீழே ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆபிரிக்கா. கிழக்குத்தான் உச்சி. கோடுகள் சந்திக்கும் நடு இடத்தில் யெருசலேம். ஏன் நடுவில்? அவர்களுடைய கோயில் அங்கே இருந்தது, அதனால் நடுவில். வேறொரு காரணமும் இல்லை."

சபை தலையாட்டியது.

"இந்த விளிம்பைப் பாருங்கள். நடுவை விட்டு விலக விலக, மனிதர்கள் மனிதர்களாக இல்லாமல் போகிறார்கள். நாய்த்தலை உள்ளவர்கள். தலையே இல்லாமல் நெஞ்சில் கண்ணும் வாயும் உள்ளவர்கள். இதோ, ஒற்றைக்காலர்கள், வெயிலுக்குப் படுத்துக்கொண்டு தங்கள் பாதத்தையே குடையாகப் பிடிக்கிறார்கள். இந்த ஒற்றைக்காலர்களுடைய நாடு எது என்று பலர் எழுதி வைத்தார்கள் தெரியுமா? இந்தியா. எங்களுடைய பக்கம்தான்."

மண்டபம் கொதித்தது. "விசரர்!" என்று பைத்தியப் பட்டம் கட்டியது ஒரு குரல். "கண்டவங்களே உவங்கள்?" என்றது இன்னொன்று. தலைவர் கனகரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச்சுக்கு நடுவிலேயே எழும்பி நின்றுவிட்டார்.

"பாத்தியளே அநியாயத்தை! தாங்கள் நடு, மற்றவன் மிருகம்! பக்கத்திலை வந்து பாத்தவங்களே? கதைச்சுப் பாத்தவங்களே? பாக்காமலே தலையை வெட்டிப்போட்டாங்கள்!"

அவருடைய கோபம் பொய்யல்ல, அதுதான் வயிறு எரிகிற சங்கதி. எண்ணூறு வருஷத்துக்கு முந்தி எங்கேயோ ஒரு மடத்தில் இருந்த குருவானவர் தன்னை ஒற்றைக்காலன் என்று எழுதியதற்கு அந்த மனிதருக்கு நரம்பு புடைத்தது. சபையும் அவரோடு சேர்ந்து கொதித்தது, பிறகு அந்தக் குடைக்காலை நினைத்துச் சிரித்தது, சிரித்து ஓய்ந்தது.

உள்ளே சிரிப்பு ஓய்ந்த பிறகும் வெளியே ஒரு சிரிப்பு நீண்டு, இருமலில் போய் முடிந்தது.

சண்முகநாதன் திடுக்கிட்டுத் திரும்பினான். மேடை உயரமானது. இடப்பக்க யன்னலால் மதிலுக்கு வெளியே தெரிந்தது. அங்கே வேப்பமரத்தடியில் பாய்கள் போட்டிருந்தார்கள். கலட்டிச் சனம் அதில் இருந்தது. முன்னால் கந்தப்பு, மடிப்புக் குலையாத எட்டு முழ வேட்டியுடன். சால்வையைத் தோளில் போடுங்கள் என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் அது அக்குளுக்குள் சுருண்டு கிடந்தது. அவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை, மதில் மறைத்தது. பனையில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர்க் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், படம் அதற்குள்ளால் வந்துவிடும் என்பதைப்போல.

சண்முகநாதன் பேச்சை நிறுத்தினான். பஞ்சலிங்கத்தைக் கூப்பிட்டான். பஞ்சலிங்கம் ஓடிவந்து, மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, இரகசியம் பேசினான்.

"அப்பு ஏன் வெளியிலை?"

"வெளியிலை நல்ல காத்தோட்டம், மாஸ்ரர். ஸ்பீக்கரும் அங்கைதானே கட்டியிருக்கு, வடிவாக் கேக்கும்."

"படம் கேக்குமோடா?"

பஞ்சலிங்கத்தின் முகம் கறுத்தது. இன்னும் நெருங்கினான். "மச்சான், பிரச்சினை பண்ணாதை. உன்னை மேடையிலை ஏத்தினதே பெரிய பாடு. உங்கடை ஆக்களை உள்ளுக்கை விட்டால் அரைவாசிச் சனம் எழும்பிப் போகும். விழா முடியட்டும், ஆறுதலாக் கதைப்பம்."

இரகசியம்தான். ஆனால் மைக் எந்தக் குலத்திலும் பிறக்கவில்லை, கேட்டதையெல்லாம் அப்படியே எடுத்துக் குழாய்க்கு அனுப்பியது. 'உங்கடை ஆக்களை உள்ளுக்கை விட்டால்' என்பது பனையிலிருந்து புறப்பட்டு, வேப்பமரத்தடிக்கும் சந்திக்கும் தோட்ட வெளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இதுவரைக்கும் வாய்விட்டுச் சொல்லாமலே நடந்து வந்த காரியத்தை ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமாகக் கேட்டது. வேற்றுமைக்கு இடமில்லாத கிராமத்தின் தலைவர் சால்வையைச் சரிசெய்தார்.

"ஐயா" என்றான் சண்முகநாதன் தலைவரிடம், மைக்கை விட்டு விலகாமல், "நடுவிலை தங்கடை கோயிலை வைச்சிட்டு, விளிம்பிலை நாய்த்தலை கீறின அந்தக் குருமாரை விசரர் எண்டு எல்லாருமாய்ச் சொன்னியள். அவையளாவது காணாத ஆக்களைத்தான் அப்பிடிக் கீறினவை. நீங்கள் காலமை காலமை காணுற மனிசனை மதிலுக்கு வெளியிலை கீறி வைச்சிருக்கிறியள். ஆர் பெரிய விசரர்?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. தொங்கிய படத்தைக் கழற்றி, மற்ற மட்டைகளோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான், கதிரைகளுக்கு நடுவால் நடந்தான், வாசலைத் தாண்டினான், போய் மதிலில் இருந்த படலையில் நின்றான். அங்கிருந்து பார்த்தால் உள்ளே மண்டபமும் தெரியும், வெளியே வேப்பமரமும் தெரியும்.

"இரண்டாவது படம்!" என்று மைக் இல்லாமலே கத்தினான். "அராபிய அறிஞர் வரைந்தது. இதில் தெற்குத்தான் மேலே. நீங்கள் பார்த்துப் பழகிய படத்தைத் தலைகீழாகப் பிடித்தமாதிரி இருக்கும். அதே கடல், அதே மலை, அதே மனிதர். எவரும் கீழே விழவில்லை. மேல் கீழ் என்பது படம் பிடிக்கிறவனுடைய கை!"

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் பேச்சாளன், கண்ணுக்கு முன்னால் வெறும் மைக். திரும்பினால் தலைவருக்கு அவமரியாதை. திரும்பாவிட்டால் பைத்தியக்காரரைப்போல் மைக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கழுத்தை மட்டும் கள்ளத்தனமாகத் திருப்பிச் சிலர் சுளுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. கனகாம்பிகை எழும்பினாள். தலைவர் கனகரத்தினத்தின் சொந்தத் தமக்கை. காது மந்தம். நடந்த வில்லங்கம் எதுவும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. நாய்த்தலை மனிதரின் கதை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது, கதை சொல்கிற பெடியன் திடீரென்று வெளியே போய்விட்டான், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கதிரையைத் தூக்கி, படலைப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, இருந்தாள்.

"அக்கா!" என்றார் தலைவர் மேடையிலிருந்து.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. நீ சும்மா இரு" என்றாள் அவள் ஊருக்கே கேட்கும்படி.

தலைவரின் தமக்கையே திரும்பிவிட்டாளென்றால் மற்றவர்களுக்கு என்ன வந்தது? அடுத்தவள் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். பிறகு ஆண்கள் பக்கம். கதிரைகள் சிமெந்தில் தேய்ந்த சத்தம் கொஞ்ச நேரம் ஓயவில்லை. அது ஓய்ந்தபோது முழு மண்டபமும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையும் கைபிடிக் கதிரையும் சரிகைச் சால்வையும் எல்லோருக்கும் முதுகுப்பக்கம் ஆகியிருந்தன.

சண்முகநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தான். மூன்றாவது மட்டையை எடுத்து, வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, "அப்பு, உங்கடை படம்" என்றான்.

"நிப்பாட்டு" என்றார் கந்தப்பு.

அவர் பாயை விட்டு எழும்பியிருந்தார். மகனுடைய முகத்தில் இருந்த பெருமை அவருடைய முகத்தில் துளியும் இல்லை. அவர் கோபமாக இருந்தார். சண்முகநாதன் தன் வயதில் அந்தக் கோபத்தைக் கண்டதில்லை.

"நீ ஏன் வெளியாலை வந்தனீ?"

"உங்களை உள்ளுக்கை விடேல்லை, அப்பு. அதுதான் நான்..."

"என்னை விடாததுக்கு நீயும் வெளியாலை வந்தால், ஆருக்கு வெற்றி? இப்ப ரண்டு பேரும் வெளியிலை. அவைக்கு வேலை மிச்சம்." கிழவருக்கு மூச்சு வாங்கியது. "வெளியிலை இருந்து உன்ரை கதையைக் கேக்கிறதெண்டால் எனக்கு எட்டு முழ வேட்டி ஏன்? எங்கடை முத்தத்திலை நான் அதைக் கேட்டிட்டன். நான் வந்தது உள்ளுக்கை இருந்து பாக்க. கதிரையிலை. நீ சொன்னனீ."

"ஓம்" என்றான் சண்முகநாதன். 

கந்தப்பு அக்குளுக்குள்ளிருந்த சால்வையை உருவினார். உதறினார். தோளில் போட்டார். படலைக்குள்ளே காலை வைத்தார்.

வாசற்படியில் பஞ்சலிங்கம் நின்றான். "கந்தண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றான். தான் பிறந்த நாளிலிருந்து அவரைக் 'கந்தன்' என்று கூப்பிட்டவனுக்கு அந்த அவசரத்தில் அண்ணை முறை எங்கிருந்தோ வந்து குதித்தது. கந்தப்பு பொறுக்கவில்லை. அவனைத் தொடாமல், விலகாமல், நேரே நடந்தார். பஞ்சலிங்கம்தான் விலக வேண்டியிருந்தது. மண்டபத்திலிருந்த அத்தனை கண்ணும் படலைப் பக்கம் திரும்பித்தானே இருந்தன, அத்தனை கண்ணும் அவர் படியேறுவதைப் பார்த்தன. தன் சொந்தத் தோளில் அந்தப் படிக்குக் கல் கொண்டு வந்த மனிதர் அதில் அன்றைக்குத்தான் கால் வைத்தார்.

"இதென்ன அநியாயம்!" என்று தலைவர் எழும்பினார். சற்று முன் ஒற்றைக்காலர்களுக்காகப் பதைத்த அதே குரல். மேடையை விட்டு இறங்கி, பக்கக் கதவால் வெளியே போனார். அவருக்குப் பின்னால் ஓவர்சியர் போனார். கதிரைகள் மறுபடி தேய்ந்தன. பஞ்சலிங்கம் சொன்ன கணக்கு ஒன்றும் பிழையில்லை, அரைவாசிச் சனம் எழும்பித்தான் போனது. அதனால் அரைவாசிக் கதிரை வெறுமையாயிற்று. கந்தப்பு ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கனகாம்பிகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடந்தது, படலைக்கு நேரே, மறைப்பில்லாமல். போய் அதில் இருந்தார். முழுப் பாரத்தையும் வைத்து, சாய்ந்து இருந்தார்.

கனகாம்பிகை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "கந்தனே?"

"கந்தப்பு" என்றார் அவர், அவளுக்குக் கேட்கும்படி உரத்து.

"ம். கொஞ்சம் சரிஞ்சிரு. படம் மறைக்குது."

கந்தப்பு சரிந்தார். கலட்டிச் சனம் ஒவ்வொருவராகப் படலைக்குள் வந்தது. சிலர் கதிரைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிலர் இருந்தார்கள். எழும்பிப் போகாமல் இருந்த பாதிச் சனத்தில் எத்தனை பேர் மனதார இருந்தார்கள், எத்தனை பேர் வேடிக்கை பார்க்க இருந்தார்கள் என்பது அவரவருக்குத்தான் வெளிச்சம்.

சண்முகநாதன் வாசலுக்கு வந்து, தகப்பனுக்கு முன்னால் மூன்றாவது மட்டையைப் பிடித்தான்.

"உதிலை எங்கை, அந்தக் கள்ளுக்கடல்?"

விரலை வைக்கப் போனவன் நின்றான். மூன்றாவது வட்டத்தில், பாலேஸ்வரி நுரை வைத்த இடத்தில், சுற்றிவர வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அழகான எழுத்தில் 'தேன்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும். பேராதனையில் அந்தக் கையெழுத்தின் குறிப்புகளைப் பார்த்துத்தான் பரீட்சைக்குப் படித்தான். சட்டம் அடிக்கக் கொண்டு போனதாம்! கந்தப்புவை மதிலுக்கு வெளியே வைத்தது போதாதென்று, அவர் தொழிலைப் பூமியிலிருந்தே அழித்திருக்கிறார்கள். எத்தனையோ நூறு வருஷமாக ஏட்டில் இருந்த கள்ளைக் கூடவா இந்த மண்டபத்துக்குள் விட மாட்டார்கள்?

நகத்தால் நெம்பினான். பசை காயவில்லை, காகிதம் நீளமாக உரிந்து வந்தது. கீழே நுரை அங்கங்கே கிழிந்திருந்தாலும் கடல் இருந்தது.

பஞ்சலிங்கம் இன்னும் வாசலில்தான் நின்றான். சண்முகநாதன் அவனிடம் போய், அவனுடைய கையைப் பிடித்து விரித்து, அந்தக் காகிதத்தை உள்ளங்கையில் வைத்தான்.

"உன்ரை சாமான், மச்சான்" என்றான்.

மைக் தேவைப்படவில்லை. அந்த 'மச்சான்' இலந்தையடி முழுவதற்கும் கேட்டது.

பிறகு தகப்பனிடம் திரும்பி வந்து, உரிந்த இடத்தில் விரலை வைத்தான். "இதுதான் அப்பு." கந்தப்பு சால்வையைச் சரிசெய்துகொண்டு, கதிரையை விட்டு எழும்பாமல், முன்னால் குனிந்து பார்த்தார்.